நாகாத்தம்மனும் வெண்கலச் சர்ப்பமும்: பாம்பை மனிதன் எப்படியெல்லாம் பார்த்தான்?

ஆடி மாதம் பிறந்துவிட்டால் நம் நாட்டு அம்மன் ஆலயங்களில் புற்றுக்கு முன்னால் கூட்டம் கூடிவிடும். மஞ்சள் துணி, குங்குமம், முட்டை, ஒரு சொம்புப் பால். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய காட்சி அல்ல. செம்பனை மரங்களுக்கு நடுவே எழும்பிய ஒரு புற்றுக்கு முதலில் யாரோ ஒருவர் விளக்கேற்றுவார். பிறகு நான்கு கம்பு நட்டுத் தகரக் கூரை போடுவார்கள். சில ஆண்டுகளில் அது நாகாத்தம்மன் கோயிலாகிவிடும்.

அதே தோட்டத்தில், அதே வாரத்தில், லயத்துக் குளியலறைப் பக்கம் ஒரு பாம்பு தலைகாட்டினால் என்ன நடக்கிறது? கம்பும் மண்வெட்டியும் வந்துவிடும். காலையில் கும்பிட்டதை மாலையில் அடிக்கிறோம்.

இந்த முரண்பாடு நம்மிடம் மட்டும் இருப்பதல்ல. உலகில் பாம்பு வாழும் இடங்களில் எல்லாம் மனிதன் அதைத் தெய்வமாக்கியிருக்கிறான், பேயாக்கியிருக்கிறான், மருந்தாகவும் ஆக்கியிருக்கிறான். ஒரே பிராணிக்கு ஏன் இத்தனை பொருள்? நம் நாட்டில் பல இனத்தவரும் பல சமயத்தவரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்கிறோம். ஆகவே இதைத் தெரிந்துகொள்வது நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படுகிறது. பாம்புக்கடி விஷயத்தில் இது உயிர் சம்பந்தப்பட்டதும்கூட.

மனிதன் பாம்பிடம் கண்ட நான்கு விஷயங்கள்

எந்த நாட்டுக் கதையை எடுத்துப் பார்த்தாலும், பாம்பின் நான்கு இயல்புகளே திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, அது சட்டை உரிக்கிறது. பழைய தோலைக் கழற்றிவிட்டுப் பளபளவென்று வெளியே வருவதைக் கண்ட மனிதன், இதற்கு முதுமையே இல்லை, மரணத்தை வெல்லும் வித்தை இதற்குத் தெரியும் என்று நினைத்தான். இரண்டாவது, அது மண்ணுக்குள்ளிருந்து வருகிறது. முன்னோரைப் புதைக்கும் இடமும் விதை முளைக்கும் இடமும் மண்தான். அதனால் பாம்பு பாதாளத்தின் தூதன் ஆனது, வளத்தின் அடையாளமும் ஆனது. மூன்றாவது, அதன் விஷம். இவ்வளவு சிறிய வாயில் இவ்வளவு பெரிய சக்தி இருப்பது வியப்பையும் அச்சத்தையும் தந்தது. நான்காவது, அதற்கு இமை கிடையாது. கண் மூடாமல் பார்த்துக்கொண்டே இருப்பதால் அது காவல் காக்கிறது என்று நம்பினார்கள். புதையலைப் பாம்பு காக்கும் என்ற கதைகள் பல நாடுகளில் உண்டு.

இந்த நான்கில் எதை ஒரு சமூகம் முன்னால் வைக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் பாம்பு அங்கே தெய்வமாகவோ எதிரியாகவோ மாறுகிறது.

நம் சமயத்தில்

இந்து சமயத்தில் பாம்பு இல்லாத தெய்வம் குறைவு. திருமால் பள்ளிகொண்டிருப்பது ஆதிசேடன் மீது. பாற்கடலைக் கடைந்தபோது கயிறாக இருந்தது வாசுகி. பிள்ளையார் வயிற்றில் பாம்பைக் கட்டியிருக்கிறார். முருகனின் மயில் காலடியில் பாம்பு இருக்கிறது. சிவனின் கழுத்திலும் பாம்புதான். தாருகாவனத்து முனிவர்கள் தம்மேல் ஏவிய பாம்பை அவர் கொல்லாமல் அணிகலனாக்கிக்கொண்டார் என்பது புராணம்.

இந்தக் கதைகளில் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. பாம்பு அடக்கப்படுகிறது, அணியப்படுகிறது, படுக்கையாகிறது. ஆனால் அழிக்கப்படுவதில்லை. யமுனையில் விஷம் கலந்த காளிங்கனைக்கூடக் கண்ணன் கொல்லவில்லை. தலைமேல் ஆடி அடக்கி, ஆற்றை விட்டுக் கடலுக்குப் போகச் சொல்லி அனுப்பினான். இன்று பாம்பு பிடிக்க வருகிறவர்கள் செய்வதும் ஏறக்குறைய அதுதான்.

மகாபாரதத்தின் தொடக்கத்திலேயே இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. பரீட்சித்து மன்னன் தட்சகன் என்ற நாகம் தீண்டி இறக்கிறான். அதற்குப் பழிவாங்க அவன் மகன் ஜனமேஜயன் உலகிலுள்ள எல்லாப் பாம்புகளையும் தீயில் விழவைக்கும் வேள்வியைத் தொடங்குகிறான். அதை நடுவில் தடுத்து நிறுத்துகிறார் ஆஸ்திகர். அவருடைய தந்தை முனிவர், தாய் நாகர் குலப் பெண். ஒரு பாம்பு செய்ததற்கு எல்லாப் பாம்பையும் கொல்வது நியாயமா என்ற கேள்வி நம் இதிகாசத்தின் வாசலிலேயே வைக்கப்பட்டிருக்கிறது.

பக்கத்து வீட்டுச் சீனர்களிடம்

பினாங்கு பாயான் லெப்பாஸ் அருகே சுங்கை குளுவாங்கில் உள்ள பாம்புக் கோயிலைப் பார்க்காத பள்ளிச் சுற்றுலா குறைவு. ஆனால் அது பாம்புக்குக் கட்டிய கோயில் அல்ல. சோர் சூ கோங் என்ற பௌத்தத் துறவியின் நினைவாகக் கட்டப்பட்டது. அவர் சீனாவின் ஃபூஜியன் பகுதியில் சோங் அரச மரபுக் காலத்தில் வாழ்ந்தவர். காட்டுப் பாம்புகளுக்கு அவர் அடைக்கலம் கொடுத்தார், அந்த நன்றியில் கோயில் கட்டிய பிறகு பாம்புகள் தாமாகவே வந்து தங்கின என்பது ஐதீகம். சீனப் புத்தாண்டின் ஆறாம் நாள் அவருடைய பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது.

அங்கே கிளைகளில் அசையாமல் கிடக்கும் பச்சைப் பாம்புகள் விரியன் வகையைச் சேர்ந்தவை. மலாய்க்காரர்கள் இவற்றை ‘ஊலார் காப்பாக் தோக்கோங்’ என்பார்கள். கோயில் பெயரே பாம்புக்கு வந்துவிட்டது. ஊதுபத்திப் புகையில் மயங்கிக் கிடக்கின்றன என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அந்த இனத்தின் இயல்பே அப்படித்தான். பகலில் அசையாமல் இருந்து, இரவில் இரை பக்கத்தில் வரும்வரை காத்திருந்து பிடிக்கும். அசையவில்லை என்பதால் விஷம் இல்லை என்று நினைத்துத் தொடக்கூடாது.

சீன மரபில் மனித இனத்தைக் களிமண்ணால் படைத்த நுவா என்ற பெண் தெய்வத்துக்கே இடுப்புக்குக் கீழே பாம்பு உடல்தான். ஒரு மனிதனைக் காதலித்து மணந்த வெள்ளைப் பாம்பின் கதை சீன நாடகங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் இன்றுவரை ஓடுகிறது. பன்னிரண்டு விலங்கு ஆண்டுகளில் ஒன்று பாம்பு ஆண்டு. 2025 ஜனவரி 29இல் பிறந்ததும் பாம்பு ஆண்டுதான். அந்த ஆண்டில் பிறந்தவர்களைக் கூர்மையான அறிவுள்ளவர்கள் என்பார்கள்.

இன்னொன்றும் நம் கவனத்துக்குரியது. சாலையோரத்தில் சிவப்பு நிறச் சிறு மாடத்தில் சீனர்கள் வழிபடும் டத்தோக் கோங்கைப் பார்த்திருப்போம். அந்த மாடங்களிலும் சில, கறையான் புற்றை ஒட்டியே எழுந்தவை. மண்ணுக்குள்ளிருந்து எழுந்த ஒன்றைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது என்ற உணர்வு நமக்கு மட்டும் உரியதல்ல.

பௌத்தமும் இந்த மண்ணின் நாகங்களும்

புத்தர் ஞானம் பெற்ற பிறகு தியானத்தில் இருந்தபோது பெருமழை பெய்தது. அப்போது முசலிந்தன் என்ற நாகராஜன் அவர் உடலைச் சுற்றிக்கொண்டு, தலைக்கு மேல் படம் விரித்துக் காத்தான் என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. தாய்லாந்து, கம்போடியச் சிலைகளில் இந்தக் காட்சியை அடிக்கடி காணலாம். பினாங்கிலுள்ள சயாமிய பௌத்த ஆலயமான வாட் சாயாமங்கலாராமின் வாசலிலும் நாகங்கள் காவல் இருக்கின்றன. அங்கோர் கோயில்களின் பாலங்களில் கைப்பிடிச் சுவராகவே நீண்டு கிடப்பவை நாகங்கள்.

நம் நாட்டுப் பூர்வக்குடி மக்களிடமும் நாகக் கதை உண்டு. பஹாங்கில் உள்ள சினி ஏரியில் ஸ்ரீ குமூம் என்ற பெருநாகம் வாழ்கிறது என்பது அங்குள்ளவர்களின் வழிவழி வந்த கதை. கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்குக்கு அந்தப் பெயர் பாம்பைக் குறிக்கும் ‘புஜங்க’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்று சொல்வோரும் உள்ளனர். கெரிஸ் கத்தியிலும் பாம்பு இருக்கிறது. வளைவுள்ள கெரிஸ் ஊர்ந்து செல்லும் நாகம், நேரான கெரிஸ் அசையாமல் தவமிருக்கும் நாகம் என்று ஜாவானிய மரபில் விளக்கம் சொல்வார்கள்.

கிறிஸ்துவத்திலும் இஸ்லாத்திலும்

கிறிஸ்துவம் என்றதும் ஏதேன் தோட்டத்தில் ஏவாளை ஏமாற்றிய சர்ப்பம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் பைபிளில் பாம்புக்கு அந்த ஒரு முகம் மட்டும் இல்லை. பாலைவனத்தில் இஸ்ரவேல் மக்களைக் கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள் கடித்தபோது, மோசே வெண்கலத்தில் ஒரு சர்ப்பம் செய்து கம்பத்தில் உயர்த்தினார். கடிபட்டவர்கள் அதை நோக்கிப் பார்த்துப் பிழைத்தார்கள் என்கிறது எண்ணாகமம். யோவான் நற்செய்தி அந்த வெண்கலச் சர்ப்பத்தைச் சிலுவையில் உயர்த்தப்பட்ட இயேசுவுக்கே ஒப்பிடுகிறது. தம் சீடர்களை ஊருக்குள் அனுப்பும்போது பாம்பின் விவேகம் வேண்டும் என்று சொல்லி அனுப்பியவரும் இயேசுதான். கடித்த உருவமே காக்கும் உருவமாகவும் ஆனது இங்கே கவனிக்க வேண்டியது.

இஸ்லாத்தில் நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு வேறுபாடு உண்டு. திருக்குர்ஆனில் ஆதம் நபியின் வரலாற்றில் பாம்பு வருவதில்லை. மனதைக் கலைப்பவன் ஷைத்தான்தான். பாம்பு வருவது மூசா நபியின் வரலாற்றில். ஃபிர்அவ்ன் மன்னனின் முன்னால் அவருடைய கைத்தடி பாம்பாக மாறுகிறது. அங்கே அது இறைவனின் அத்தாட்சி. வீட்டுக்குள் காணப்படும் பாம்பை உடனே கொன்றுவிடாமல் முதலில் எச்சரிக்கச் சொல்லும் நபிமொழியும் உண்டு.

மருத்துவமனைக்குப் பாம்பு வந்த கதை

மருத்துவச் சின்னங்களில் ஒரு கோலைச் சுற்றிய பாம்பைப் பார்த்திருப்பீர்கள். அது பழைய கிரேக்கத்திலிருந்து வந்தது. அஸ்கிலேப்பியஸ் அவர்களுடைய வைத்தியக் கடவுள். அவர் கையில் பாம்பு சுற்றிய கோல் இருக்கும். அவருடைய கோயில்களில் நோயாளிகள் இரவு தங்குவார்கள். விஷமில்லாத பாம்புகள் அங்கே சுதந்திரமாக ஊர்ந்துகொண்டிருக்கும். தோல் உரித்துப் புதிதாகும் பாம்பைப்போல நோயாளியும் நோயை உரித்துப் போடுவார் என்பது நம்பிக்கை. 1948இல் உலகச் சுகாதார நிறுவனம் தன் சின்னத்தில் இந்தக் கோலையும் பாம்பையும் வைத்துக்கொண்டது. இரண்டு பாம்பும் இறக்கையும் உள்ள இன்னொரு கோல் உண்டு. அது வணிகர்களின் கடவுளான ஹெர்மஸுடையது. அதையும் மருத்துவச் சின்னமாகச் சிலர் போட்டுக்கொள்வது பழக்கத்தில் வந்த குழப்பம்.

கிரேக்கர்கள் நம்பிக்கையால் சொன்னதை இருபதாம் நூற்றாண்டில் ஆராய்ச்சியும் தன் வழியில் தொட்டது. அதில் ஒரு பகுதி நம் தோட்டங்களோடு தொடர்புடையது. வட மாநிலங்களின் ரப்பர் தோட்டங்களில் சருகு நிறத்தில் சுருண்டு கிடக்கும் ஒரு விரியனை மலாய்க்காரர்கள் ‘ஊலார் காப்பாக் போடோ’ என்பார்கள். காலடி கேட்டாலும் விலகாமல் கிடப்பதால் அந்தப் பெயர். விடியற்காலைப் பெரட்டு முடிந்து இருட்டில் மரம் சீவப் போனவர்களுக்கு இது பெரிய ஆபத்தாக இருந்தது. பினாங்குப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய பிரிட்டிஷ் மருத்துவர் அலிஸ்டர் ரீட் இந்தக் கடிகளைக் கவனமாக ஆராய்ந்தார். கடிபட்ட பலருக்கு இரத்தம் உறையாமலேயே பல நாள் இருப்பதைக் கண்டார். 1963இல் தம் குழுவினருடன் இதை வெளியிட்டார். இந்தக் கவனிப்பிலிருந்துதான், இரத்தம் உறைவதைத் தடுக்க ஒரு காலத்தில் பயன்பட்ட ‘ஆன்க்ரோட்’ என்ற மருந்து பிறந்தது. அதன் மூலப்பொருள் இதே பாம்பின் விஷம்.

நம் வீடுகளில் இரத்த அழுத்த மாத்திரை இல்லாத வீடு குறைவு. அந்த வகை மருந்துகளில் ஒன்றான ‘கேப்டோபிரில்’, பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததன் பலனாக உருவாக்கப்பட்டது. பாம்புக்கடிக்குப் போடும் விஷமுறிவு மருந்தும் பாம்பு விஷத்தால்தான் தயாராகிறது. விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் உடல் உண்டாக்கும் எதிர்ப்புச் சக்தியைப் பிரித்தெடுக்கிறார்கள். தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கத்தில் தயாராகும் இம்மருந்துகள் நம் நாட்டு மருத்துவமனைகளிலும் பயன்படுகின்றன.

சின்னம் வேறு, பிராணி வேறு

இத்தனை மரபுகளையும் பார்த்த பிறகு ஒன்று தெளிவாகிறது. வணங்கினாலும் பயந்தாலும் மனிதன் பேசிக்கொண்டிருந்தது தன் ஆசைகளையும் அச்சங்களையும் பற்றித்தான். மரணம் வரக்கூடாது, நோய் தீர வேண்டும், பிள்ளை பிறக்க வேண்டும், யாராவது நம்மைக் காக்க வேண்டும். இவற்றைப் பாம்பின் மேல் ஏற்றிச் சொன்னான். அதில் தவறில்லை. சின்னத்தையும் பிராணியையும் ஒன்றாக்கிக்கொள்ளும்போதுதான் ஆபத்து வருகிறது.

புற்றைக் கட்டுவது கறையான். பாம்பு பிறகு குடிபுகுவது. கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்ததுபோல என்று நம் பழமொழியே சொல்கிறது. பால் பாம்புக்கு உணவு அல்ல. எலி, தவளை, பல்லி, சிறு பறவைகளைத் தின்னும் பிராணி அது. புற்றில் ஊற்றும் பால் நம் பக்தி, அவ்வளவுதான். ஒரு துளி விட்டு மீதியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாலும் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். மகுடிக்குப் பாம்பு ஆடுகிறது என்பதும், குழல் அசையும் திசையைப் பார்த்து அது தன்னைக் காத்துக்கொள்ளத் தலையைத் திருப்புவதுதான். அடிபட்ட பாம்பு ஆளை நினைவில் வைத்துப் பழிவாங்கும் என்பது சினிமாவுக்கு நல்ல கதை, அவ்வளவே.

இவையெல்லாம் போனால் போகட்டும் என்று விடலாம். கடிக்கு மந்திரிப்பதை மட்டும் அப்படி விட முடியாது. மந்திரித்ததும் பிழைத்தார் என்று எல்லாத் தோட்டத்திலும் ஒரு கதை இருக்கும். அந்தக் கதை பொய்யாகவும் இருக்க வேண்டியதில்லை. பல பாம்புகளுக்கு விஷமே கிடையாது. விஷப் பாம்பு கடித்தாலும் ஒவ்வொரு கடியிலும் விஷம் ஏறுவதில்லை. அப்படிப்பட்டவர்கள் எதுவும் செய்யாவிட்டாலும் பிழைப்பார்கள். ஆனால் கடிபட்டவர் எந்த வகை என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் 81,000 முதல் 138,000 பேர் வரை பாம்புக்கடியால் இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம்மைப்போல் மண்ணில் உழைத்த ஏழைகள்.

கடிபட்டால் செய்ய வேண்டியவை இவை:

- பாம்பை விட்டு விலகுங்கள். அதை அடிக்கவோ பிடிக்கவோ போய் இரண்டாவது கடி வாங்காதீர்கள். எட்ட நின்று கைப்பேசியில் படம் எடுக்க முடிந்தால் மருத்துவருக்கு உதவும்.
- கடிபட்டவரை நடக்கவிடாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிடுங்கள்.
- கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை அரைத்துப் பூசுவது ஆகிய எதுவும் வேண்டாம்.
- நம் நாட்டில் விஷத்தைத் துப்பும் நாகமும் உண்டு. கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் தொடர்ந்து கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
- 999ஐ அழைத்து, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

வீட்டுக்குள் பாம்பு வந்தாலும் அதே எண்தான். தீயணைப்பு மீட்புப் படையினரோ பொது தற்காப்புப் படையினரோ வந்து பிடித்துச் செல்வார்கள். மலைப்பாம்பு உள்ளிட்ட சில வகைகள் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை. செம்பனைத் தோட்டத்தில் எலியைக் கட்டுப்படுத்துவதில் ஆந்தைக்கு இருக்கும் பங்கு பாம்புக்கும் உண்டு. லயத்தைச் சுற்றிக் குப்பை சேராமல், புல் வளராமல் பார்த்துக்கொண்டால் எலி வராது. எலி வராத இடத்துக்குப் பாம்பும் அதிகம் வராது.

வணக்கமும் அறிவும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. தமிழ்நாட்டில் சென்னைக்கு அருகே வாழும் இருளர் சமூகத்தினர் கன்னியம்மாளை வழிபடுகிறவர்கள், பாம்பு பிடிப்பதில் உலகப் புகழ் பெற்றவர்கள். 1978இல் தொடங்கிய அவர்களின் கூட்டுறவுச் சங்கம், பாம்பைப் பிடித்து விஷம் எடுத்துவிட்டு மறுபடியும் காட்டில் விட்டுவிடுகிறது. இந்தியாவின் விஷமுறிவு மருந்துகளுக்கு அந்த விஷம்தான் முக்கிய ஆதாரம். 2023இல் அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சாமி கும்பிடுவதும் பாம்பின் இயல்பை அறிவதும் அவர்களிடம் ஒன்றாகவே இருக்கின்றன.

ஆகவே ஆடி மாதத்தில் புற்றுக்கு மஞ்சள் குங்குமம் வைப்பவர்கள் தாராளமாக வைக்கலாம். பக்கத்து வீட்டுச் சீனர் பாம்பு ஆண்டைக் கொண்டாடினால் வாழ்த்துச் சொல்லலாம். மலாய் நண்பரும் கிறிஸ்துவ நண்பரும் பாம்பைப் பற்றி வேறு கதை சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் கடி என்று வந்துவிட்டால் நேர்த்திக்கடனைப் பிறகு செலுத்திக்கொள்ளலாம், முதலில் மருத்துவமனை. பிழைத்து வந்து கும்பிட்டால் நாகாத்தம்மனுக்கும் அதுதான் மகிழ்ச்சி.